அடுத்த இறக்கம்

நாவற்குடா,
03.09.2025

அன்பின் தங்கச்சி கேதீஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தில் எழுத நினைத்திருப்பவை:

1. உன் சுகம் விசாரித்தல்.
2. உன் பயணம் பற்றித் தனுஷியா சொன்னது.
3. சின்ன வயதில் நாம் போன பஸ்ஸும் அதன் கட்டணமும்.
4. அம்மா இறந்த அன்று கிரானில் பஸ் நிற்காமல் போனது.
5. ஒரு கேள்வி.

இப்படி இலக்கமிட்டு எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வருவதில்லை. இலக்கம் போடாவிட்டால் எங்கே தொடங்கினேன் என்பதே மறந்துவிடுகிறது. இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

முதலாவது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தொலைபேசியிலேயே கேட்கலாம். ஆனால் என் இலக்கம் விழுந்தால் நீ எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது. தனுஷியா மெல்பேணிலிருந்து போன கிழமை தொலைபேசியில் எடுத்தாள். "மாமா, அம்மாவ இங்க கூப்பிடுறன். ஒக்டோபர் இருபத்துநாலு பிளைட். இனி எங்களோடதான்" என்றாள். மகள் தாயை அழைப்பது நல்ல காரியம் என்று சொன்னேன். அவள் வைத்த பிறகு தொலைபேசியைக் கையில் வைத்தபடி நின்றிருக்கிறேன். அடுப்பில் தண்ணீர் வற்றிக் கேத்தல் அடிப்பிடித்த மணத்தில்தான் தெரிந்தது. எனக்கு எழுபத்தைந்து, உனக்கு எழுபத்திரண்டு. நீ போனால் நாம் இனி ஒருவரையொருவர் பார்க்கப் போவதில்லை.

மூன்றாவது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, துவைத்து மடித்த உடுப்புப் பொட்டலத்தைத் தந்து அம்மா நம் இருவரையும் மட்டக்களப்புக்கு அனுப்புவார். அப்பா அங்கே அரிசி ஆலையில் மெஷின் பார்த்தார், ஆலையிலேயே தங்கினார். அம்மாவுக்குப் பஸ் எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளாது. சித்தாண்டி வருவதற்குள் சத்தி எடுத்துவிடுவார். அதனால் நாம் போனோம். எனக்குப் பத்து வயது, உனக்கு ஏழு. முழு டிக்கட் அறுபது சதம், அரை டிக்கட் முப்பது.

அந்த முப்பது சதத்துக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று நேற்று யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தாண்டியில் கோயிலுக்கு நேரே பஸ் மெதுவாகும், ஏறியிருக்கிற சனமெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். ஏறாவூரில் புதுச் சாரன் கட்டுகளோடு ஆட்கள் ஏறுவார்கள், பஸ் முழுக்கக் கஞ்சி போட்ட துணி மணக்கும். வாவி தெரிந்ததும் நீ என் தொடையில் அடிப்பாய். எனக்கும் கண் இருக்கிறது என்று நான் சொல்வேன். அப்படிச் சொன்னாலும், நீ அடிக்கும் வரை நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு அந்தப் பாதையில் என்ன கட்டணம் என்று எனக்குத் தெரியாது. நூறு ரூபாய்த் தாள் ஒன்று போதாது என்கிறார்கள்.

நான்காவது. இதை எழுதாமல் விடலாம். விட்டால், விட்டதை நீ கவனிப்பாய். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மறுவருடம், ஆவணி மாதம். நான் அப்போது அம்பாறை அலுவலகத்தில் இருந்தேன். தந்தி கண்டு மட்டக்களப்பு வந்து வாழைச்சேனை பஸ் எடுத்தேன். கிரானில் பஸ் நிற்கவில்லை. வாழைச்சேனைக்கே கொண்டுபோய்விட்டது. திரும்பி வர பஸ் இருக்கவில்லை. மறுநாள் காலை நான் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றும் இதைத்தான் சொன்னேன்.

ஐந்தாவது. நீ போவதற்கு முன் ஒருநாள் நான் கிரானுக்கு வரலாமா? சமைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
அண்ணன் அழகரத்தினம்


கிரான்,
10.09.2025

அண்ணனுக்கு,

கடிதம் கிடைச்சுது. எட்டாம் வகுப்போட நிப்பாட்டின ஆள் நான், பறையிற மாதிரித்தான் எழுதுவன். பிழை திருத்தாம வாசியுங்க.

ஒண்டு, ரெண்டு எண்டு இலக்கம் போட்டுத் தங்கச்சிக்குக் கடிதம் எழுதின ஆளை நான் கண்டதில்ல. நான் என்ன அரசாங்கக் கச்சேரியா? முழங்கால் இருக்குது. மழை வரப்போகுது எண்டு ரேடியோவுக்கு முதல் சொல்லும்.

அரை டிக்கட் முப்பது சதம் இல்ல. முப்பத்தஞ்சு. மூண்டு பத்துச்சதம், ஒரு அஞ்சுசதம். அஞ்சுசதம் சதுரமான காசு. இறுக்கிப் பிடிச்சு உள்ளங்கையில நாலு மூலையும் பதிஞ்சிருக்கும், எனக்கு மறக்குமா? உங்கட கை வேர்க்கும், காசு வழுக்கி விழுந்திடும் எண்டு ரெண்டு பேர்ட காசையும் அம்மா என்னட்டத்தான் தாறவ. காசைத் தொடாத ஆள் எப்பிடிக் கட்டணம் சொல்லுற?

நாலாவதுக்கு வாறன்.

தந்தி அடிக்கச் சொன்னது நான். "அம்மா கடுமை உடன் வரவும்." அம்மா அப்ப போய் ரெண்டு மணித்தியாலம். போயிட்டா எண்டு போட்டா நீங்க வழியில விழுந்திடுவீங்க எண்டு பயந்து கடுமை எண்டு போடச் சொன்னன். மறுகா உங்களுக்காக வச்சுக்கொண்டு இருந்தம். மத்தியானம் எடுக்க வேண்டியதை ரெண்டு மணிக்கு எண்டு சொன்னம், நாலு மணிக்கு எண்டு சொன்னம். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ஆராவது ஒருத்தர் றோட்டுக்கு ஓடுற. பொழுதும் படுகுது, இனி வைக்கேலா எண்டு பெரியம்மாட மகன்தான் கடைசியில உங்கட இடத்தில நிண்டு எல்லாம் செய்தவர். ஒரே மகன் உயிரோட இருக்க, அம்மாக்கு இன்னொருத்தர் மண் போட்டார்.

நீங்க காலையில வந்து வேலிக் கடப்படியில நிண்டு "பஸ் நிக்கல்ல" எண்டீங்க. நாப்பத்தாறு வருஷம் அதே ரெண்டு சொல்லு. கலியாண வீட்டில கண்டாலும் அதுதான், செத்த வீட்டில கண்டாலும் அதுதான். வாழைச்சேனை என்ன லண்டனா? நாலு மைல். நடந்தாலும் பொழுதுபட முதல் வந்திருக்கலாம்.

அந்த ரெண்டு சொல்லை விட்டிட்டு வேற ஏதாவது எழுதுங்க. மறுகா அஞ்சாவதுக்குப் பதில் சொல்லுறன்.

கேதீஸ்வரி


நாவற்குடா,
14.09.2025

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் "அன்பின்" இல்லை. எழுத மறந்ததா, எழுதாமல் விட்டதா என்று இரண்டு நாள் பார்த்தேன். இரண்டாவதாகத்தான் இருக்கும்.

முப்பத்தைந்து என்கிறாய். எனக்கு முப்பது என்று நன்றாக நினைவு. ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பவை பல பிழையாகியிருக்கின்றன. காசு உன் கையில்தான் இருந்தது என்பதும் உண்மை. எனவே இதை இப்போது முடிவு கட்டாமல் வைக்கிறேன்.

எனக்குச் சந்தேகமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயது வரைதான் அரை டிக்கட். எனக்குப் பதின்மூன்று முடிந்த பிறகும் அரை டிக்கட்டில் போனேன். ஏறாவூர்க் கொண்டக்டர் இப்றாஹிம் காக்கா டிக்கட் புத்தகத்தைக் காதில் தட்டிக்கொண்டு கேட்பார்: "தம்பிக்கு வயசென்ன?" எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். நீ முன்னால் வந்து "பதினொண்டு" என்பாய். மறுமாதமும் பதினொன்று. அடுத்த வருடமும் பதினொன்று. ஒருநாள் அவர் சொன்னார்: "புள்ள, போன வருசம் இவருக்குப் பதினொண்டு எண்டு சொல்லக்குள்ள நான் கலியாணம் முடிக்கல்ல. இப்ப எனக்கு மகள் பிறந்து தவழுது. இவர் எப்ப பன்னெண்டு ஆகப்போறார்?" பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் "அவர் மெல்ல மெல்லத்தான் வளருவார்" என்றாய். அவர் அரை டிக்கட்டையே கிழித்துத் தந்தார்.

இன்னொன்று. கிரானுக்கு வந்ததும் "இறக்கம்" என்று சத்தமிட வேண்டும். அப்போதுதான் மணிக்கயிற்றை இழுப்பார்கள். அந்த ஒரு சொல்லை நான் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். எப்போதும் நீதான் சொல்வாய். உனக்குக் கூவைக்கட்டு வந்து தாடை வீங்கிக் கிடந்த மாதம் நான் தனியே போய் வந்தேன். நினைவிருக்கிறதா? திரும்பி வரும்போது கிரான் வந்தது. நம் வீட்டு ஒழுங்கை தெரிந்தது. அம்மா கடப்படியில் நிற்பதுகூடத் தெரிந்தது. சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. கும்புறுமூலையில் யாரோ இறங்க, அவரோடு நானும் இறங்கி நடந்து வந்தேன். நீ வீங்கின தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு இவன் எப்பிடிச் சீவிக்கப் போறான்" என்று மட்டும் சொன்னார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான்காவது விடயமும் இதுதான். அன்று பஸ் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னேன். ஏன் நிற்கவில்லை என்று சொல்லவில்லை. இருபத்தொன்பது வயது உத்தியோகத்தன், "இறக்கம்" என்று சொல்ல வாய் வராததால் தாயின் சடலத்தைத் தாண்டிப் போனான் என்று எப்படிச் சொல்வது? வெட்கம். அதனால் பஸ்ஸின் மேல் போட்டுவிட்டேன்.

இந்த வயதில் இதை எழுதுவதும் லேசாக இல்லை.

அண்ணன்


கிரான்,
20.09.2025

அன்பின் அண்ணனுக்கு,

இதை அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருந்தா என்ன? ஒரு நாள் அழுதிட்டு விட்டிருப்பன். பெரியாக்களுக்குத்தான் சொல்ல வெட்கம், எனக்குமா? உங்கட வாய்க்குப் பதிலா எத்தனை வருஷம் நான் கத்தியிருக்கன்.

கடிதத்தைப் படிச்சுப் போட்டு நெடுக யோசிச்சன். அண்டைக்கு நான் உங்களோட பஸ்ஸில இருந்திருந்தா இறக்கம் எண்டு சொல்லியிருப்பன். அம்மாட தலைமாட்டில இருந்த படியா சொல்ல ஏலாமப் போச்சு. இப்பிடி யோசிக்கக்குள்ள கோபம் கொஞ்சம் எங்கயோ போகுது. முழுக்கப் போகல்ல. கொஞ்சம்.

வாங்க. ஒக்டோபர் அஞ்சாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. சமைக்க வேண்டாம் எண்டு எழுதினதை நான் வாசிக்கல்ல. வட்டையில இந்தமுறை நல்ல விளைச்சல், புது அரிசி இருக்குது. குளத்து மீன் எடுத்து வைக்கிறன். நீங்க முள்ளுக்குப் பயந்து செல்வன் மீன் தின்னமாட்டீங்க, அதுவும் நினைவிருக்குது.

முப்பதா முப்பத்தஞ்சா எண்டதுக்கும் ஒரு முடிவு கட்டுவம். இப்றாஹிம் காக்கா இருக்கிறாராம். எண்பத்தஞ்சு வயசு, நல்ல தெளிவாம். இஞ்ச துணி கொண்டு வாற பாஹிம் சொன்னவர். தனுஷியாவுக்குச் சாறியும் மருமகனுக்குச் சாரனும் எடுக்க வாற கிழமை ஏறாவூர் போறன். போகக்குள்ள அவர் வீட்டையும் போயிட்டு வாறன். டிக்கட் கிழிச்ச ஆளே சொல்லட்டும்.

தங்கச்சி
கேதீஸ்வரி


நாவற்குடா,
23.09.2025

அன்பின் தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் வந்தது. "வாங்க" என்ற சொல்லை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இப்றாஹிம் காக்கா. அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காரணங்கள்:

1. எண்பத்தைந்து வயது. தெளிவு என்று பாஹிம் சொன்னாலும், பழைய கட்டணங்களைக் கேட்டு மனதைக் குழப்பக்கூடாது.
2. ஆயிரக்கணக்கான சனத்தைக் கண்டவர். நம்மை நினைவிருக்க நியாயமில்லை.
3. நீ முழங்கால் நோவோடு அலைய வேண்டாம்.
4. முப்பத்தைந்து என்றே வைத்துக்கொள்வோம். நன்றாக யோசித்துப் பார்த்தேன், நீ சொன்னதே சரி. முப்பது என்று நான் எழுதியது பிழை.

எனவே அங்கே போக வேண்டிய தேவை இல்லை.

ஐந்தாம் திகதிக்கு ஆயத்தமாகிறேன். நேற்றுப் பின்னேரம் பஸ் நிலையத்துக்குப் போய் வாழைச்சேனைப் பஸ் எத்தனை மணிக்கெல்லாம் என்று கேட்டு எழுதி வந்தேன். நேரக்காப்பாளர் "ஐயா எப்ப போகப் போறீங்க?" என்றார். ஒக்டோபர் ஐந்து என்றேன். "அதுக்கு இண்டைக்கே வந்திட்டீங்களா" என்றார். எட்டு மணிப் பஸ் எடுப்பதாக இருக்கிறேன். ஒருவேளை அதில் சனம் அதிகம் என்றால் எட்டரை.

உன் அண்ணி சிவயோகம் இருந்திருந்தால் அவளும் வந்திருப்பாள். "போய் ஒரு தரம் உங்கட தங்கச்சியப் பாருங்க" என்று சாகும்வரை சொன்னவள்.

ஏறாவூர் போக வேண்டாம். சாறி மட்டக்களப்பில் எடுக்கலாம், நானே எடுத்து வருகிறேன். என்ன நிறம் என்று எழுது.

அண்ணன்


கிரான்,
29.09.2025

அண்ணனுக்கு,

உங்கட கடிதம் வர முதலே போயிட்டன்.

நடந்ததை அப்பிடியே எழுதுறன்.

அவர்ட மகள் நஸ்ஹாதான் கதவு திறந்தவ. நீங்க எழுதினீங்களே தவழ்ந்த பிள்ளை எண்டு, அவதான். இப்ப அவவே பேரப்பிள்ளை கண்டவ. இப்றாஹிம் காக்கா சாய்மனைக் கதிரையில இருந்தார். கண் கொஞ்சம் மங்கல், காது நல்லாக் கேக்குது. கிரானில இருந்து வாறன், சின்னனில மாசம் ஒருக்கா உடுப்புப் பொட்டலத்தோட உங்கட பஸ்ஸில வருவம் எண்டன்.

"அரை டிக்கட் ரெண்டு" எண்டார் உடன. "உட்காருங்க புள்ள. அண்ணன் எப்பிடி? இப்பயாவது பன்னெண்டு ஆகிட்டாரா?"

எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது. சிரிப்புத்தான்.

முப்பதா முப்பத்தஞ்சா எண்டு கேட்டன். "ரெண்டும் பிழை. முப்பத்திரண்டு. நீங்க ஆளுக்கு முப்பத்தஞ்சு தருவீங்க, நான் ரெண்டு பேருக்கும் ஆறு சதம் மிச்சம் தருவன். அதுக்கு நீங்க ஸ்டாண்டில தோடம்பழ இனிப்பு வாங்குவீங்க, அண்ணனுக்கு ஒண்டு உங்களுக்கு ரெண்டு." உண்மைதான் அண்ணன். இனிப்பு நினைவிருக்கு, எந்தக் காசில எண்டுதான் மறந்து போச்சு.

நஸ்ஹா தேத்தண்ணி கொண்டு வந்தா. அவர் குடிச்சுக்கொண்டு சொன்னார், "உங்கட உம்மா மௌத்தான அண்டைக்கு நான்தான் அந்தப் பஸ்ஸில. வாசல்ல வெள்ளை கட்டியிருக்கிறதக் கண்டிட்டன். அண்ணன் முன் சீட்டில. அவர் வாய் திறக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியாதா? நானே கயித்த இழுத்துப் பஸ்ஸ நிப்பாட்டினன். உங்கட ஒழுங்கைக்கு நேரே. இறங்குங்க தம்பி எண்டன். அவர் என்னைப் பார்த்து 'அடுத்த இறக்கம்' எண்டார். நல்லாச் சத்தமாத்தான் சொன்னார். வாழைச்சேனையில சாமான் வாங்கப் போறாராக்கும், மையத்து வீட்டுக்கு எவ்வளவோ தேவை இருக்குமே எண்டு நினைச்சு நானும் போகச் சொல்லி மணி அடிச்சன்."

அவர் உங்களைக் குறை சொல்லல்ல. அவருக்கு ஒண்டும் தெரியாது. நான் தேத்தண்ணியக் குடிச்சு முடிச்சிட்டுச் சலாம் சொல்லிட்டு வந்தன். சாறி எடுக்கல்ல.

உங்களுக்கு ஒண்டு தெரியுமா? உங்கட முகத்துக்கு முன்னாலதான் நான் நம்பாத மாதிரி நிண்டன். ஊருக்கு அப்பிடி இல்ல. பெரியம்மாட ஆக்கள் கேட்டாலும், உங்கட மச்சான் உயிரோட இருக்கக்குள்ள கேட்டாலும், தனுஷியா கேட்டாலும் நான் சொன்னது ஒண்டுதான். அண்ணன் வந்தவர், பஸ்தான் நிக்கல்ல எண்டு. நாப்பத்தாறு வருஷம் உங்கட பொய்ய நான் சுமந்து திரிஞ்சிருக்கன், எனக்கே தெரியாம. ரெண்டு கிழமைக்கு முதல் வாய் வரல்ல எண்டு எழுதினீங்க. அதை வாசிச்சு அழுதன். அதுவும் பொய்.

பயந்த ஆளை நான் என்னெண்டு வெறுக்கிற, சின்னனில இருந்து உங்கட பயத்தோட வளர்ந்தவள் நான். இது பயம் இல்ல.

அஞ்சாம் திகதி வர வேண்டாம்.

கேதீஸ்வரி


கிரான் சந்தி, தேநீர்க் கடை,
05.10.2025, காலை 9.50

கேதீஸ்வரி,

வர வேண்டாம் என்றாய். வந்துவிட்டேன். உன் வீட்டுக்கு வரவில்லை. சந்தியில் இருக்கிறேன். கடைக்காரரிடம் கொப்பித்தாள் வாங்கி எழுதுகிறேன். அவருடைய மனைவி உன் பக்கம்தான் போகிறாராம், கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். எழுத்துக் கோணலாக இருக்கும். மேசை ஆடுகிறது.

இலக்கம் போடவில்லை. போட்டால் நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

எட்டு மணிப் பஸ்ஸில் ஏறினேன். ஏறும்போதே கிரான் என்று கொண்டக்டரிடம் சொன்னேன். ஏறாவூரில் சொன்னேன். சித்தாண்டியில் சொன்னேன். "ஐயா, இதோட மூண்டு தரம் சொல்லிட்டீங்க. உங்கள இறக்கிப்போட்டுத்தான் நான் மூச்சு விடுவன்" என்றான். இறக்கினான். டிக்கட்டில் என்ன கட்டணம் போட்டிருந்தது என்று பார்க்கவில்லை.

இனி அன்றைக்கு நடந்தது. முதலில் தந்தி. அந்தக் காலத்தில் தந்தியில் "கடுமை" என்று வந்தால் ஆள் போய்விட்டது என்று அர்த்தம். அலுவலகத்தில் தந்தியைப் படித்த பியோன்கூட என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினான். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அம்பாறையிலிருந்து வரும் வழி முழுவதும் நான் அந்தச் சொல்லை அப்படியே வாசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குக் கடுமை. வைத்தியரை மாற்ற வேண்டும். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். யாரைக் கேட்பது, எந்தக் கார் பிடிப்பது என்றெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். என் பையில் அம்மாவுக்கு ஒரு போத்தல் ஹோர்லிக்ஸ் இருந்தது.

ஒழுங்கையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பஸ் நின்றது. கடப்படியில் நின்ற சனம் எல்லாம் வீட்டுப் பக்கம் பார்த்தபடி நின்றது. றோட்டுக்கு ஓடி வந்தது என்னைத் தெரியாத ஒரு சிறுவன். பஸ் வாசலில் யாரும் இறங்காததைக் கண்டு திரும்பி ஓடிவிட்டான். இப்றாஹிம் காக்கா இறங்கச் சொன்னார். எழும்பினேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இறங்கினால் அம்மா இறந்துவிடுவார். இறங்காத வரைக்கும் அவருக்குக் கடுமை மட்டும்தான்.

நான் சத்தமாகச் சொன்னேன் என்று அவர் சொன்னது சரி. பஸ்ஸில் நான் சத்தமாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சாமான் வாங்கப் போகவில்லை. வாழைச்சேனையில் இறங்கிப் பஸ் நிலையத்து வாங்கில் இருந்தேன். திரும்பி வர பஸ் இருக்கவில்லை என்று சொன்னதும் பொய். இருட்டுவதற்குள் நான்கு பஸ் போயின. ஒவ்வொன்றும் புறப்படும்போது அடுத்ததில் போகலாம் என்று நினைத்தேன். நான்காவது போன பிறகு, இனிப் போய்ப் பயனில்லை, எடுத்திருப்பார்கள் என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. அதற்கு முதல் வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. அது என்னவென்று எனக்கு இன்னும் பெயர் தெரியவில்லை.

வாய் வரவில்லை என்று போன மாதம் உனக்கு எழுதும்போது, பாதி உண்மை சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதி இருந்தது. நீ "வாங்க" என்று எழுதியதும் அந்தப் பாதியே போதும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். இப்றாஹிம் காக்காவிடம் போகாதே என்று எழுதியதை இப்போது நினைத்தால் கூசுகிறது. நீ எனக்காக ஊருக்குச் சொல்லி வந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஐந்தரைக்குத்தான் கடைசிப் பஸ் என்கிறார்கள். அதுவரை இங்கே இருப்பேன். நீ வர வேண்டும் என்று கேட்கவில்லை. உன் முழங்காலுக்கு அது தூரம். வராவிட்டால் நான் திரும்பிப் போவேன், மறுபடி எழுதமாட்டேன். இந்த ஒன்றைத் திருத்தாமல் நீ விமானம் ஏறக்கூடாது என்பதற்காக வந்தேன். இனி யாராவது கேட்டால் நீ என்னைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

முதல் கடிதத்தில் நான்காவதாக நான் எழுதியது பிழை. பஸ் நின்றது.

அண்ணன்